கணப்புக்குள் பூச்சு ஏன் நிற்பதில்லை?

கேள்வி: எங்கள் வீட்டுக் கணப்பின் உள்சுவரில் பூச்சு வெடித்து, திட்டுத்திட்டாக விழுகிறது. போன வருடம் சிமெண்ட் பூசினோம், அதுவும் உதிர்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: பூசியவரைக் குறை சொல்ல வேண்டாம், கலவைதான் தப்பு. சாதாரண சிமெண்ட் இறுகும்போது அதற்குள் நீர்த்த சுண்ணாம்பு உண்டாகிறது. சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதிலிருக்கும் நீர் பிரிந்து, பிடிமானம் போய்விடும். ஜிப்சம் பூச்சு இன்னும் மோசம், 150 டிகிரிக்குள்ளேயே பொடியாகத் தொடங்கும். சுவருக்கு அடிக்கும் பட்டியை நினைத்தே பார்க்காதீர்கள்.

கணப்பு முழுக்க ஆறியதும் சாம்பலை அள்ளிவிட்டு, சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டங்'கென்று கேட்கும். 'பொத்'தென்று கேட்டால் பூச்சு செங்கலை விட்டுவிட்டது என்று அர்த்தம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உளியால் செங்கல் தெரியும்வரை எடுத்துவிடுங்கள். பழைய கணப்பில் நார்நாராக அட்டையோ கயிறோ தென்பட்டால் வேலையை அதோடு நிறுத்துங்கள். மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நாராக இருக்கலாம், பரிசோதிக்காமல் சுரண்டக் கூடாது.

அப்புறம் கம்பி பிரஷால் கரியைத் தேய்த்து எடுக்க வேண்டும். கரிமேல் எந்தக் கலவையும் ஒட்டாது. மெல்லிய விரிசலுக்கு, டப்பாவில் குழைத்தே வரும் ஃபயர் சிமெண்ட் போதும். பெரிய திட்டுக்கு அது ஆகாது. கனமாக அப்பினால் வெடிக்கும். அதற்குக் கடும் சூடு தாங்கும் கால்சியம் அலுமினேட் சிமெண்ட் கலந்த உலைக் கலவை வாங்குங்கள். செங்கலை நனைத்துவிட்டுப் பூசுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். எவ்வளவு கனம், எத்தனை நாள் காய வேண்டும் என்பதெல்லாம் பையிலேயே போட்டிருக்கும்.

அவசரப்பட்டால் எல்லாம் வீண். ஈரம் போகாமல் பெரிய தீ மூட்டினால், உள்ளே சிக்கிய நீராவி பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடும். முதலில் சுள்ளி போட்டுச் சின்னத் தீ, அது ஆறியபின் இன்னும் கொஞ்சம் பெரிதாக என்று போங்கள்.

செங்கலே ஆடினாலோ, புகை அறைக்குள் வந்தாலோ, பூச்சால் தீராது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. புகைபோக்கி வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை தீ மூட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், தீ நேரே படும் பின்சுவருக்குப் பூச்சே வேண்டாம். கடும் சூடு தாங்கும் தீச்செங்கல் வைத்துக் கட்டி, இணைப்புகளை மட்டும் அதே உலைக் கலவையால் மெல்லிசாக அடைத்துவிடுங்கள். வெளியே அறைப்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு தாராளமாகப் போதும்.