எல்லாரும் சேர்ந்து ரிகர்சல்லயே உருவாக்குன நாடகத்துக்கு எழுத்தாளர்னு யார் பேரைப் போடறது?

போஸ்டர் அடிச்சாச்சா? இல்லைன்னா இன்னிக்கே எல்லாரும் உக்காந்து பேசிடுங்க. அடிச்சாச்சு, "எழுத்து, இயக்கம்"னு ஒரே பேரு வந்திருக்கு, அதான் வயித்தெரிச்சல்ல கேக்கறீங்கன்னா (அப்படித்தான் தோணுது) என் கதையையும் கேட்டுக்கோங்க.

நாங்க ஆறு பேரு, மூணு மாசம், ஸ்கிரிப்டே கிடையாது. டைரக்டர் ஒரு சூழல் சொல்வார், நாங்க அந்த இடத்துலயே தோணினதைப் பேசி நடிச்சு இம்ப்ரோவைஸ் பண்ணுவோம். ஒருநாள் "செத்துப்போன மகனோட சட்டையை மடிச்சு வைக்கிற அம்மா"ன்னு மட்டும் சொன்னார். நான் மடிக்கிறதுக்கு முன்னாடி பட்டன் ஒவ்வொண்ணா போட ஆரம்பிச்சேன், நாலாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்துல வெறும் நூல் தொங்குது. பிளான் எல்லாம் இல்ல, நிஜமாவே அந்த சட்டையில பட்டன் இல்ல. விரல் அங்கேயே நின்னுடுச்சு. "இதோடவாடா போன, சொல்லியிருந்தா தெச்சுக் குடுத்திருப்பேன்ல"ன்னு வாயில வந்துடுச்சு. ரூம்ல ஒருத்தரும் அசையல.

அந்த வரி கடைசி ஷோ வரைக்கும் இருந்துச்சு. ஷோ முடிஞ்சதும் பார்க்க வந்தவங்க டைரக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு "பட்டன் சீன் எப்படி சார் எழுதுனீங்க"ன்னு கேப்பாங்க, அவரு சிரிச்சுக்கிட்டே நிப்பாரு, நான் பக்கத்துலயே மேக்கப் அழிச்சுக்கிட்டு இருப்பேன்.

உடனே டைரக்டர் வேலையோட அருமை தெரியாதவள்னு சண்டைக்கு வராதீங்க. அன்னிக்கு நான் நாப்பது நிமிஷம் என்னென்னமோ பேசினேன், முக்காவாசி குப்பை. அதுல மூணு நிமிஷத்தை எடுத்து, கடைசிக்கு முந்தின சீன்ல கொண்டுபோய் வெச்சது அவர்தான். வெட்டறதும் எழுத்துதான், ஒத்துக்கறேன். துணி என்னோடதுன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

பெரிய இடத்துலயும் இதே கதைதான். நியூயார்க்ல பெரிய தியேட்டருங்க இருக்கிற பிராட்வேல வந்த 'எ கோரஸ் லைன்'ங்கற இசை நாடகம், 1974-ல டான்ஸர்ங்க ராத்திரி உக்காந்து தங்களோட சொந்த வாழ்க்கையை டேப்ல பேசினதுலருந்துதான் உருவாச்சு, அந்தக் கதைகளுக்கான உரிமையை ஆளுக்கு 1 டாலருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. ராயல்டில பங்கெல்லாம் அப்புறமாதான் வந்துச்சு. 'ரென்ட்' நாடகத்துக்கு டிராமட்டர்க்கா, அதாவது கதையையும் அமைப்பையும் சரிபண்ண எழுத்தாளருக்கு உதவுறவங்களா வேலை பார்த்த லின் தாம்சன், எழுதின ஜொனாதன் லார்சன் இறந்தப்புறம் நானும் இணை ஆசிரியர்னு கேஸ் போட்டாங்க. 1998-ல அமெரிக்க அப்பீல் கோர்ட் சொன்னது என்னன்னா, உங்க பங்களிப்பு பெருசுதான், ஆனா சேர்ந்து எழுதறோம்ங்கற எண்ணம் ரெண்டு பேருக்கும் இருந்திருக்கணும், லார்சனுக்கு அது இல்ல. அவ்வளவுதான், முடிஞ்சுது. நாம நிறைய பண்ணோம்ங்கறது மட்டும் பத்தாது, முன்னாடியே பேசி வெச்சிருக்கணும்.

அதனால முதல் ரிகர்சல்லயே ஒரு பக்கத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. "உருவாக்கம்: குழு"ன்னு பேரோட தனியா, "இயக்கம்" தனியா, வசனத்தை உக்காந்து ஒழுங்குபடுத்தினவங்களுக்கு "எழுத்து வடிவம்"னு தனியா. பாதில விலகிப் போறவங்க சீனை வெச்சுக்கலாமா, வேற குழு போட்டா பணம் யாருக்கு, சினிமாக்காரங்க கேட்டா யாரு சரின்னு சொல்லணும், எல்லாம். நட்பு கெட்டுடும்னு பயந்து நாங்க பேசல, கடைசில அதனாலதான் கெட்டுச்சு.

(இன்னொண்ணு, இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தமில்ல, இருந்தாலும் சொல்லிடறேன். மேடையில அந்த பட்டனைத் தேடற நேரத்துல, கரெக்டா அப்ப, முன்வரிசைல ஒருத்தர் போனை எடுத்து வெளிச்சம் அடிப்பாரு பாருங்க. அவங்கள நான் மன்னிக்கவே மாட்டேன்.)

கடைசியா நானும் பொறுக்க முடியாம ஆறு பேரு பேரையும் எழுதி, அடுத்த ஷோவுலருந்து இப்படித்தான் போடணும்னு குரூப்ல அனுப்பினேன். எங்க ரிகர்சலுக்கு தினமும் ஒரு பொண்ணு வந்து மூலைல உக்காந்து நோட்ஸ் எடுப்பா. அந்த பட்டன் வரி எனக்கு மறுநாள் ஞாபகமே இல்ல, அவ நோட்டைப் பார்த்துப் படிச்சுக் காட்டினப்புறம்தான் நான் திரும்பச் சொன்னேன். லிஸ்ட் போட்ட அஞ்சாவது நிமிஷம் அவகிட்டருந்து தனியா ஒரு மெசேஜ்.

"அக்கா, ஆறுதானா?"