பிரிக்காத பத்திரிகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் முதுநகர். பெயர் போடவேண்டாம். தம்பி யாரையும் கேட்காமல் எங்கள் ஓட்டு வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அம்மா தடுக்கவில்லை. 2011 டிசம்பர் 29 ராத்திரி அம்மா அங்கிருந்து போன் பண்ணி, "காத்து ஒரு மாதிரியா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போயேன்" என்றார்கள். "உங்க செல்ல மகன் இருக்கானே, அவனே பாத்துக்கட்டும்" என்று வைத்துவிட்டேன். விடிகாலையில் 'தானே' என்ற அந்தப் புயலில் சுவர் சரிந்து அம்மா போய்விட்டார்கள்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைத்தான் சொல்கிறேன். அவர் மன்னிப்புத் தருகிறார். கோயில் படி இறங்குவதற்குள் அது திரும்ப நெஞ்சில் ஏறிக்கொள்கிறது. தம்பியோடு அன்றிலிருந்து பேச்சில்லை. போன வாரம் அவன் மகளின் கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் இன்னும் பிரிக்கவில்லை. அவனை மன்னித்தால் அம்மாவுக்குத் துரோகம் ஆகாதா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துதான் எழுதுகிறேன். அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய விடியலில் நான் இங்கே புதுச்சேரியில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கம் மூன்று தலைமுறைப் பலாமரங்களே வேரோடு சாய்ந்த காற்று அது. நீங்கள் அன்றிரவு பேசிய வார்த்தை உங்களுடையது. சுவரைச் சாய்த்த காற்று உங்களுடையது அல்ல. இத்தனை வருஷமாக இரண்டையும் ஒரே பாவமாகக் கட்டிச் சுமக்கிறீர்கள். வார்த்தைக்கு மன்னிப்பு முதல் தடவையே கிடைத்துவிட்டது. மன்னிக்கப்பட்ட பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடவேண்டும் என்று திருச்சபை கேட்பதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அம்மாவிடம் பேசியதை எத்தனையோ தடவை சொன்னீர்கள். தம்பி மேல் இருக்கும் கோபத்தை ஒரு தடவையாவது சொன்னீர்களா?

எனக்கும் இப்படி ஒன்று இருந்தது. அப்பா இறந்தபோது ஒரு மருத்துவர் மேல் தீராத ஆத்திரம். அந்தத் தெரு வழியாகப் போவதையே பல வருஷம் விட்டுவிட்டேன். ஒரு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறையில் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" சொல்ல ஆரம்பித்தேன். "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன், திரும்ப அங்கேயே நின்றது. மெழுகு வழிந்து செவ்வந்திப் பூ மேல் உறைந்துகொண்டிருந்தது. அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது: "மூச்சு வாங்குதுடா" என்று அப்பா சொன்ன அன்றைக்கே கூட்டிப்போகாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டவன் நான். அதைப் பார்க்கக் கூடாது என்பதற்காக மருத்துவரை முன்னால் நிறுத்திவைத்திருந்தேன். அவர் தரப்பில் தவறே இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் என் பங்கையும் சேர்த்து அவர் தலையில் வைத்திருந்தேன். உங்கள் தம்பி விஷயத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. கோபத்தை விட்டால் குற்ற உணர்ச்சியோடு தனியாக நிற்கவேண்டிவரும் என்று பயப்படுகிறீர்கள்.

இயேசுவின் சீடர் பேதுருவை, நம் பாட்டிமார் சொல்லும் இராயப்பரை, நினைத்துப் பாருங்கள். இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரி, தலைமைக் குருவின் முற்றத்தில் காவலர்களோடு குளிர்காய்ந்துகொண்டுதான் மூன்று தடவை "அவரைத் தெரியாது" என்றார். அது கரி நெருப்பு என்று யோவான் தன் நற்செய்தியில் குறித்துவைத்திருக்கிறார். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. உயிர்த்த இயேசு கரையில் மீன் சுட்டுக்கொண்டு, இரவெல்லாம் வலை போட்டுவிட்டு வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடும் இடம். உங்கள் ஊர் துறைமுகத்தில் விடிகாலையில் படகு வந்து சேருவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நேரம், அந்தக் களைப்பு. ஈரத் துணியோடு வந்த பேதுருவுக்கு அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எது ஞாபகம் வந்திருக்கும்! ஆனால் இயேசு அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. முதலில் சாப்பாடு போட்டார். அப்புறம், "என்மேல் அன்பு இருக்கிறதா?" என்று மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலையைக் கொடுத்தார்: என் ஆடுகளைப் பார்த்துக்கொள். மறுத்த அதே மாதிரி நெருப்புக்குப் பக்கத்தில்தான் பேதுரு கரையேறினார். உங்களுக்கு அந்த நெருப்பு தம்பி வீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"மன்னித்து மறந்துவிடு" என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வேதாகமத்தில் 109-ஆம் திருப்பாடலைத் திறந்து பாருங்கள், பக்கம் முழுக்கச் சாபம். அதுவும் ஒரு ஜெபமாகத்தான் அங்கே இருக்கிறது. ஆத்திரத்தை அப்படியே ஆண்டவரிடம் கொட்டலாம், மரியாதை பார்க்கவேண்டாம். எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கவேண்டும் என்று இயேசு சொன்னதை, வேறு வேறு குற்றத்துக்கு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே குற்றம் ஞாபகத்தில் கிளம்பும்போதெல்லாம் திரும்ப மன்னிக்கவேண்டியிருக்கிறது. எனக்கு இன்றும் அப்படித்தான்.

மன்னிப்பதற்காக வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதில்லை. உயில் இல்லாமல் போன பெற்றோரின் சொத்தில், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமமான பங்கு. பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டி, கேட்கவேண்டியதைக் கேளுங்கள். அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குத் துரோகமா என்று கேட்டீர்கள். தன் மகளும் மகனும் இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததைப் பார்த்து எந்த அம்மா சந்தோஷப்படுவாள்? அவர்களும் அன்றிரவு உங்கள் தம்பி வீட்டிலிருந்து உங்களைத்தானே கூப்பிட்டார்கள்.

முதலில் பத்திரிகையைப் பிரியுங்கள். கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று இப்போதே முடிவெடுக்கவேண்டாம். நம் பக்கத்துப் பத்திரிகைகளில் மறைந்த பாட்டியின் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே அத்தை, மாமா என்று ஒரு வரிசை வரும். அங்கே உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.