மாவு மில்லில் ஒரு ‘நைஸ்’, ஆங்கிலத்தில் ஒரு ‘நைஸ்’

கேள்வி: எங்கள் தெரு மாவு மில்லில் ராகியைக் கொடுத்தால், ‘நைஸாக அரைக்கட்டுமா, கொரகொரப்பாகவா?’ என்றுதான் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘நைஸ் பவுடர்’ என்று எழுத, ஆசிரியை அதை அடித்து ‘ஃபைன் பவுடர்’ என்று திருத்தியிருக்கிறார். ‘நைஸ்’ ஆங்கிலச் சொல்தானே ஐயா, எப்படிப் பிழையாகும்?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஆசிரியை திருத்தியது சரியே, அம்மா. ஆனால் உங்கள் மகள் காதில் நாள்தோறும் விழும் ‘நைஸ்’ தமிழாகிவிட்ட சொல். மாவுக்குச் சொன்னால், விரல்களுக்கிடையே தேய்க்கும்போது நெறுநெறுக்காத பதம். ‘நைஸாகப் பேசி வாங்கிவிட்டான்’ என்றால் நயமாகப் பேசி. ‘நைஸாக நழுவினான்’ என்றால் ஒருவரும் அறியாமல். இந்த மூன்று பொருளுக்கும் இன்றைய ஆங்கிலத்தில் வேறு சொற்களைத்தான் தேட வேண்டும். அங்கே ‘நைஸ்’ என்பது இனிய, அன்பான, மனத்துக்குப் பிடித்த என்ற அளவில் நின்றுவிடுகிறது. ‘நைய அரைத்தல்’ என்ற வழக்கு நம்மிடம் முன்பே இருந்ததால்தான் இச்சொல் மாவரைக்கும் இடத்தில் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

பொருள் மாறுவது இச்சொல்லுக்குப் புதிதன்று. ‘அறியாத’ என்று பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்னும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு ‘மூடத்தனமான’ என்றே பொருள். பிறகு அது கறாரான, நுட்பமான என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ ஆயிற்று. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்னும் தொடரில் அந்த ‘நுட்பமான’ இன்னும் உயிரோடிருக்கிறது. அதை ‘அழகான வேறுபாடு’ என்று மொழிபெயர்ப்பது தவறு.

மகளுக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். காபி ‘நைஸ் அண்ட் ஹாட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது நம் ‘நல்ல சூடு’ போன்றதே. இரண்டிலும் முதற்சொல் சூட்டை எடுத்துக்காட்டத்தான் வருகிறது. ஆனால், நாம் விரும்பாதவற்றுக்கும் ‘நல்ல’ போடுவோம், ஆங்கிலத்தார் ‘நைஸ்’ போட மாட்டார்கள். ‘குழந்தைக்கு நல்ல காய்ச்சல்’ என்று பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதும் நாளில் ‘ஹை ஃபீவர்’ என்றுதான் எழுத வேண்டும்.