நாணயம், நோட்டு படம் எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: சார், 1862 விக்டோரியா வெள்ளி ரூபாயைப் போனில் எடுத்தால் நடுவில் வெளுத்துவிடுகிறது, போன் நிழலும் விழுகிறது.

பதில்: ஃபிளாஷை அணையுங்கள். ரொம்பக் கிட்டே போவதால்தான் நிழல். ஒரு ஜாண் உயரத்தில் இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் போனைக் கிடத்தி, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். மேஜை விளக்கு ஒன்று போதும், அதன் முன்னால் டிரேசிங் பேப்பர் வைத்தால் வெளிச்சம் பரவி விழும். அப்புறம் காசை மெதுவாகத் திருப்பிக்கொண்டே திரையைப் பாருங்கள், ராணியின் மேலாடைப் பூவேலை தனித்தனியாக எழும்பும் இடம் ஒன்று வரும். அங்கே எடுங்கள்.

கேள்வி: அண்ணா, ராஜராஜன் செப்புக்காசில் எழுத்தே தெரியவில்லை. புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, தேய்க்கவே தேய்க்காதீர்கள். விளக்கை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் காட்டுங்கள். உட்கார்ந்த உருவத்தின் பக்கத்தில் நாகரியில் (இந்தி எழுத்தைப் போன்ற பழைய வடமொழி எழுத்து) ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருக்கும், அதன் மேடு பள்ளம் நிழலில்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டில் குத்துவிளக்கையே புளியில்தான் துலக்குகிறோம், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: விளக்கு கனமான பித்தளை, மேலே கொஞ்சம் போனாலும் தெரியாது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த செம்பில் பல சமயம் பழைய எழுத்தின் வடிவமே அந்தப் பச்சைப் படலத்துக்குள்தான் நிற்கிறது. புளி படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும், திரும்ப வராது.

கேள்வி: எலுமிச்சை?

பதில்: அதுவும் அமிலம்தான். கூடாது.

கேள்வி: பல்பொடி?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள்.

கேள்வி: பழைய நோட்டுகளுக்கு கேமராவா, ஸ்கேனரா?

பதில்: ஸ்கேனர், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறி மட்டும் அதில் வராது. பகலில் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைத்தாள் ஒட்டி, அதன் முன் நோட்டைப் பிடித்து எடுங்கள். புது நோட்டுகளின் படத்தைச் சில மென்பொருள்கள் திறக்கவே மறுக்கும், கள்ளநோட்டைத் தடுக்கும் ஏற்பாடு அது. லேமினேட் செய்யாதீர்கள், சென்னை ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

கேள்வி: என் 1 ரூபாய் நோட்டு என்ன விலை போகும்?

பதில்: விலை நான் சொல்வதில்லை.

கேள்வி: அண்ணா, ராஜராஜன் காசை விளக்கை இறக்கிப் பார்த்தேன், ஒரு எழுத்தின் மேல்கோடு தெரிகிறது!

பதில்: அருமை! காசை அசைக்காமல் விளக்கை மட்டும் நாலு பக்கமும் மாற்றி வைத்து நாலு படம் எடுங்கள், ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் கிடைக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் சோழர் காசுகளைப் பார்த்துவிட்டு அந்தப் படங்களோடு ஒப்பிடுங்கள்.