பையன் உங்களை எதற்குக் கூப்பிட்டான்?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். லீவில் வந்தால் ராத்திரி இரண்டு மணி வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேய் கேம் விளையாடுகிறான். இதே மாதிரி கேம் செய்வதுதான் தன் வேலையாம். போன செமஸ்டரிலிருந்து படபடப்பு, மூச்சு முட்டல். காலேஜ் டாக்டர் இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார். 'என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா' என்று சத்தம் போட்டுக் கூட்டி வந்துவிட்டேன். ஒரு இடத்தில் 11,000 ரூபாய் கொடுத்துத் தாயத்து கட்டியிருக்கிறோம். ஒருநாள் என்னையே கூப்பிட்டு, 'டிவோஷன்னு ஒரு தைவான் கேம், இதுல ஒரு அப்பா வருவாரு, பாருங்கப்பா' என்றான். வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். இதையெல்லாம் செய்கிறவர்களுக்கு மூளை சரியாக இருக்குமா? எப்படி நிறுத்துவது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மூன்றரைப் பக்கம் கேமுக்குத் திட்டு. மகன் உங்களைக் கூப்பிட்டது மட்டும் போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் தொண்டையில் நிற்கிறது. ஏனென்றால் அந்த கேமை நான் பார்த்திருக்கிறேன். என் தங்கை பேரன் விளையாட, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

1980களின் தைபே. சின்ன அடுக்குமாடி வீடு. அப்பா சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர், வாய்ப்பு வற்றிவிட்டது. மகள் மெய் ஷின் டிவி போட்டியில் பாடுகிறாள். அவளுக்கு மூச்சு முட்டுகிறது. உடம்பில் கோளாறு இல்லை, மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்கிறார்கள். அந்த அப்பா என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் சொன்னதைத்தான். அப்புறம் அருள்வாக்குச் சொல்லும் ஒரு பெண்மணியிடம் போகிறார், பணத்தைக் கொட்டுகிறார். கடைசியில் அவள் பேச்சைக் கேட்டு, அரிசி மது நிரப்பிய தொட்டியில் மகளைப் படுக்கவைத்து ஏழு நாள் கதவைச் சாத்துகிறார். இத்தனைக்கும் மகள் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், பையன் உங்களை எதற்குக் கூப்பிட்டான்? நம் வீடுகளில் இருபது வயது ஆண்பிள்ளை அப்பாவிடம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால் கேமைப் போட்டுக் காட்டினான். உங்களுக்கு வேலை இருந்தது.

செய்கிறவர்களுக்கு மூளை சரியாக இருக்குமா என்றா கேட்கிறீர்கள்? டிவோஷன் செய்தது ரெட் கேண்டில் என்ற சின்னக் குழு. 2019 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். சீன அதிபரைக் கிண்டல் செய்யும் ஒரு தாயத்துச் சீட்டு அதில் இருந்தது என்று சண்டை கிளம்பி, ஒரே வாரத்தில் விற்பனை நின்றது. 2021இல் சொந்தத் தளத்தில் மறுபடி விற்றார்கள். இங்கிலாந்தில் நிஞ்சா தியரி என்ற குழு, காதில் குரல்கள் கேட்கும் ஒரு பெண்ணின் கதையை 2017இல் ஹெல்பிளேட் என்ற கேமாகச் செய்தது. அதற்காக கேம்பிரிட்ஜ் மனநலப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரையும், நிஜமாகவே அப்படிக் குரல் கேட்டவர்களையும் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். ஒரு கேமுக்காக அவர்கள் மனநல மருத்துவர் வாசலை மிதித்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளைக்காக நீங்கள் மிதிக்கவில்லை.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான், தாயத்தை அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆனால் 11,000 ரூபாய் எடுத்து வைக்கக் கூசாத கை, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு வாங்க ஏன் கூசுகிறது? சொந்தக்காரன் பார்த்துவிடுவான், அவ்வளவுதானே? பார்க்கட்டும். ஃபீஸ் கட்டியதோடு அப்பன் கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது.

இரண்டு மணி வரை முழித்திருப்பது தப்புதான். பதினோரு மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், உங்கள் வீடு. கேம் செய்யும் வேலையைப் பற்றி அவன் மூச்சு சீரான பிறகு பேசலாம். நாளைக் காலை அந்த டாக்டருக்குப் போன் போட்டு, சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, யாரிடம் காட்டுவது என்று கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், 14416. தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள், அம்மாவை அனுப்பித் தப்பிக்காதீர்கள்.

அதற்கு முன்னால், இன்று சாப்பிட்டதும் அவன் அறைக்குப் போய், அன்றைக்குப் பார்க்காமல் எழுந்து வந்ததை இப்போது போடச் சொல்லுங்கள். அந்தக் கதவு சாத்தப்படும் வரைக்கும் எழுந்திருக்காதீர்கள்.