நான்காம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவல்

கேள்வி: என் அம்மா சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். அவர் கதையை நாவலாக எழுத ஆரம்பித்தேன். மூன்று அத்தியாயங்கள் மளமளவென்று வந்தன. அம்மா முதன்முதலாக வேலைக்குப் போகும் இடத்தில் நின்றுவிட்டது. பல மாதங்களாக ஒரு வரிகூட ஓடவில்லை. எனக்கு வங்கியில் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். உத்வேகம் வரட்டும் என்று காத்திருப்பதா, சம்பளமில்லா விடுப்பு போட்டு உட்காருவதா?
- வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விடுப்பு போட வேண்டாம். ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1834-ல் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1867 வரை அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு எழுதினார். வாழ்நாளில் 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். எழுப்பிவிடுவதற்காகவே வேலைக்காரர் ஒருவருக்கு வருஷத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கைக்கடிகாரம் பரவலாகாத காலம்; தன் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். காலைச் சாப்பாட்டுக்கு உடை மாற்றும் முன்பே அன்றைய எழுத்து முடிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் படித்து முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அதில் உள்ள முதல் அரை மணி நேரம். முந்தைய நாள் எழுதியதைப் படித்து, சொற்களின் ஓசையைக் காதால் எடை பார்ப்பாராம். அப்புறம்தான் புது வரி. நீங்கள் நின்ற இடத்திலேயே வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அந்த ஓட்டத்திலேயே அடுத்த வரிக்குள் போய்விடலாம்.

உத்வேகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். டிராலப்புக்கும் வந்தது. 1852-ல் கிராமத்துத் தபால் விநியோகத்தைச் சீர்செய்ய ஊர் ஊராகச் சுற்றியபோது, சாலிஸ்பரி தேவாலயத்தைச் சுற்றி ஒரு கோடை மாலையில் நடந்தார். 'தி வார்டன்' நாவலின் கரு அங்கேதான் தோன்றியது. எழுதத் தொடங்கியது அடுத்த வருஷம், புத்தகமாக வந்தது 1855-ல். உங்களுக்கு அந்தக் கரு அம்மா வடிவில் வீட்டிலேயே இருக்கிறது. இனி வேண்டியது தினசரி உட்காரும் பழக்கமும், கொஞ்சம் தகவலும்தான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எப்போது உட்காருவது? அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பக வேலையையும் இரண்டு மகன்களையும் தனியாகப் பார்த்துக்கொண்டு எழுதியவர். பிள்ளைகள் எழுந்து 'அம்மா' என்று கூப்பிடும் முன், விடியாத நேரத்தில் எழுதினார். உங்களுக்கு விடியற்காலை ஒத்துவராவிட்டால் ராத்திரி, அதுவும் இல்லையென்றால் வங்கிக்குப் போகும் பஸ். டிராலப் ரயிலில் மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார், மனைவி படியெடுத்துக் கொடுப்பார். நேரம் எதுவானாலும் சரி, தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். அவருடைய வேகம் நமக்கு வேண்டாம். ஒரு நாளைக்கே 250 வார்த்தை, வாரத்தில் ஆறு நாள் என்றால் நாற்பது வாரத்தில் அறுபதாயிரம் வார்த்தை. முதல் வரைவுக்கு அது போதும். முடியும்வரை வாட்ஸப் குழுவில் போட்டு அபிப்பிராயம் கேட்காதீர்கள். அரைகுறையாக இருக்கும்போது வரும் பாராட்டும் கெடுக்கும், குறையும் கெடுக்கும்.

தகவல் என்றேன். அந்த இடத்தில் நீங்கள் நின்றதற்குக் காரணம், ஆபீஸுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கே சரியாகத் தெரியாததுதான் என்று தோன்றுகிறது. அம்மாவிடம் 'எப்படி இருந்துச்சு' என்று கேட்டால் 'கஷ்டம்தான்' என்று முடித்துவிடுவார். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதல் நாள் குச்சி அடுக்கவிட்டார்களா, பெட்டி ஒட்டவிட்டார்களா? பக்கத்தில் உட்கார்ந்த அக்கா பெயர் என்ன? தூக்குவாளியில் என்ன சோறு? மருந்து வாடை கையை விட்டுப் போக என்ன செய்வார்கள்? பதிலை அவர் பேச்சு மாறாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டு, திங்கட்கிழமை தூக்குவாளியிலிருந்து நான்காம் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.