சிப்பிக் குஞ்சுக்குத் தூள் வாங்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் இனயம் பக்கம் நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து கயிற்றில் சிப்பி வளர்க்கிறோம். 'கடல் அமிலமாகிவிட்டது, குஞ்சுக்கு ஓடு கட்டாது, இந்தத் தூளைக் கயிற்றைச் சுற்றித் தூவுங்கள்' என்கிறார் கேரளாவிலிருந்து வரும் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. நாம் விடும் கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல்நீரின் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே போனால்தான் அமிலம்) இப்போது 8.1 பக்கம். கடல் அமிலமாகிவிடவில்லை, காரம் குறைந்திருக்கிறது. அதோடு, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் குறைகிறது.

இதில் அதிகம் அடிபடுவது முட்டையிலிருந்து உருவான முதல் ஓரிரு நாள் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இரை எடுக்கத் தொடங்கும் முன்பே, முட்டைக் கொழுப்பை மட்டும் செலவழித்து ஆங்கில 'டி' எழுத்து வடிவில் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். கார்பனேட் குறைந்தால் கொழுப்பெல்லாம் ஓட்டுக்கே தீர்ந்துபோகும், அப்புறம் நீந்தத் தெம்பிருக்காது.

நீங்கள் பாறையில் பெயர்த்துப் பருத்தி வலைத்துணியில் சுற்றிக் கட்டும் குஞ்சு அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியது. கையில் எடுத்துப் பாருங்கள், நகத்தளவு ஓடு இறுக மூடியிருக்கும். அதற்கு எதற்குத் தூள்? தூவினாலும் அடுத்த அலையில் போய்விடும்.

தூள் பலன் தந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் விஸ்கி கிரீக் என்ற பொரிப்பகத்தில் 2007, 2008-இல் ஆளி என்ற சிப்பி வகையின் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. உள்ளே வரும் நீரை அளந்து சோடா சாம்பல் என்ற காரத் தூள் சேர்த்த பிறகு நிலைமை தேறியது. ஆனால் அது தொட்டி. அடைத்த நீர், முதல் நாள் குஞ்சு, விடாத அளவீடு மூன்றும் அங்கே இருந்தன. ஏஜென்ட் வெளிநாட்டு வீடியோ காட்டினால், 'தொட்டியா, கடலா?' என்று கேளுங்கள். நிறம் மாறும் தாளை நனைத்துக் காட்டினாலும் நம்பாதீர்கள், 0.1 வித்தியாசம் அந்தத் தாளில் தெரியாது.

உங்கள் கயிற்றுக்கு உடனடிப் பயம் மழைத் தண்ணீர். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் ஆறு பெருகினால் கடல்நீரில் உப்பு சட்டென இறங்கும், சிப்பி தாங்காது. நம் கரையின் தினசரி உப்பளவு கேட்டு அரசு அலுவலகத்துக்கு நான் மூன்று முறை எழுதினேன். 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது. மானிய விண்ணப்பத்துக்கு ஆறு நகல் கேட்பவர்களுக்கு ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை!

தூளுக்கு வைத்த பணத்தில் உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். மழைக்காலத்தில் தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஆயிரத்துக்கு 35 பக்கம் இருக்க வேண்டியது மளமளவென இறங்கினால், ஆழமிருக்கும் இடத்தில் கயிற்றை இன்னும் கீழே இறக்குங்கள். நன்னீர் மேலேதான் மிதக்கும்.